தொப்பியைக் கீழே வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை அடுகோடி மீன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சங்கரா மீனை வெட்டச் சொல்லிவிட்டுப் பையை விரித்துப் பிடித்திருந்தபோது போன் அடித்தது. லூயிஸ் என்று பெயர் வந்தது. எடுத்த எடுப்பில், "என்னய்யா, இப்பவாவது ஒத்துக்கறியா?" என்றேன். அதற்கு முந்தின ஞாயிறு நான் கொண்டுவந்த ஒரு தொப்பியில் இருந்த பித்தளை முத்திரை அசலா, நகலா என்று எங்கள் இருவருக்கும் பெரிய தகராறு. நான் அசல் என்றேன், அவர் நகல் என்றார். முகம் கொடுக்காமல் பிரிந்திருந்தோம். ஆனால் போனில் லூயிஸ் பேசவில்லை. அவர் மனைவி ஸ்டெல்லா பேசினார். "அண்ணா, அவரு எழுந்திருக்கல. காபி ஆறிடுச்சு. எழுந்திருக்கல" என்றார்.

மீனை வாங்கினேனா, கடையிலேயே விட்டேனா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. ஆட்டோவில் அல்சூர் போய்ச் சேர்கிறவரை அவர்மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது. ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை.

பழைய சாமான் சேர்க்கிற நம் கூட்டத்தில் உங்களில் பலருக்கு லூயிஸைத் தெரியும். ஞாயிறு காலைப் பழைய சாமான் சந்தையில், பழுப்புக் கம்பளிக் குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, சட்டைப் பையில் நோட்டும் கட்டைப் பென்சிலுமாகக் குந்தியிருப்பாரே, அவர்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூர் அல்சூரிலேயே பிறந்து, ஒரு கம்பெனியின் ரெக்கார்டு அறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மிச்ச நேரமெல்லாம் பழைய பட்டாளத் தொப்பிகளைச் சேர்த்தார். நெட்டியில் செய்து காக்கித் துணி போர்த்திய வெயில் தொப்பி, படகுபோல் மடித்து வைக்கிற கம்பளித் தொப்பி, ஆபீசர்களின் பளபளப்பான தொப்பி, கஞ்சி போட்டுச் சுற்றிய தலைப்பாகை என்று அவர் வீட்டில் இல்லாதது இல்லை. அரிசி டிரம்முக்குள் ஒரு இரும்புத் தொப்பி இருந்தது. "எங்க வீட்டுல தலை ரெண்டு, தொப்பி நூத்துக்கும் மேல" என்று ஸ்டெல்லா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லிக்கொண்டே அந்தத் தொப்பிகளுக்குப் பூச்சி உருண்டை வைப்பவரும் அவர்தான்.

நானும் அதே பைத்தியம்தான். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு உருப்படியில் பிசிர் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. துரு, அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு எதையும் கண்ணால் பார்க்கப் பொறுக்காது. எங்கள் இருவருக்கும் நடந்த எல்லாச் சண்டைக்கும் காரணம் இதுதான். நான் தொப்பியை வெளியே பார்ப்பேன். அவர் முதலில் கவிழ்த்து உள்ளே பார்ப்பார்.

நெற்றியில் படுகிற இடத்தில் உள்ளே ஒரு தோல் பட்டை ஓடும். பட்டாளத்துக்காரன் தன் பெயரையும் நம்பரையும் அதில்தான் எழுதி வைப்பான். ஒரே மாதிரி நாற்பது தொப்பி கொடியில் தொங்கினால், தன்னுடையதை எடுக்க வேறு வழி கிடையாது. லூயிஸுக்கு அந்தப் பட்டைதான் தொப்பி. பித்தளை, பட்டு, சரிகை எதுவும் அவர் கண்ணில் படாது. "வெளிய இருக்கிறது கவர்மென்ட் சரக்கு. உள்ள இருக்கிறதுதான் ஆளு" என்பார். அதனால் அவர் எந்தத் தொப்பியையும் கழுவியதும் இல்லை, ஒருமுறைகூடத் தலையில் வைத்துப் பார்த்ததும் இல்லை. என் தலைக்கு எது பொருந்துகிறது என்று நான் கண்ணாடி முன் நின்று பார்ப்பதைக் கண்டால், "அந்தாளு தலை காலியாகறதுக்கு முன்னாடியே நீ ஏன்யா குடி போற?" என்று கேட்பார்.

ஒரு முறை நாம் வைத்த கண்காட்சிக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், "இதிலேயே பெரிய ரேங்க் தொப்பி எது?" என்று கேட்டார். லூயிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு மூலையில் இருந்த ஒரு சாதாரணச் சிப்பாய்த் தொப்பியை எடுத்து நீட்டினார். "இதான் சார் பெருசு. ஏழே முக்கால் சைஸ்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. வந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினார். நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சந்தையில் எங்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் உண்டு. ஒரு பொருள் ஒருவன் கையில் இருக்கும்வரை அடுத்தவன் விலை கேட்கக் கூடாது. கீழே வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். லூயிஸ் இந்தச் சட்டத்தால் இழந்த தொப்பிகளைச் சேர்த்தால் ஒரு படைக்கே போட்டுவிடலாம். ஏனென்றால் அவர் விலை கேட்பதற்கு முன் உள்ளே இருப்பதை நோட்டில் எழுதியாக வேண்டும். எழுத இரண்டு கையும் வேண்டும். தொப்பியைக் கீழே வைப்பார், நோட்டைப் பிரிப்பார், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அதற்குள் கழுகு மாதிரி எவனாவது இறங்கிவிடுவான். பெரும்பாலும் நான்தான்.

பதினைந்து வருஷம் இருக்கும், அப்படித்தான் ஒரு கம்பளிப் படகுத் தொப்பியை நான் எடுத்தேன். காதர் பாயின் குஜரிக் கடை, அதாவது வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கி வந்து தார்ப்பாயில் கொட்டி விற்கிற கடை. லூயிஸ் கவிழ்த்துப் பார்த்து, கீழே வைத்து, எழுதிக்கொண்டிருந்தார். நான் குனிந்து எடுத்து, "பாய், இது எவ்ளோ?" என்றேன். லூயிஸ் நிமிர்ந்து பார்த்தார். "யோவ், இன்னும் ஒரு வரி இருக்கு. அத எழுதிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். நான் பட்டையை விரித்துப் பிடித்தேன். அவர் எழுதி முடித்துவிட்டுக் குல்லாவைச் சரிசெய்துகொண்டு அடுத்த கடைக்குப் போனார். காதர் பாய்க்கே பொறுக்கவில்லை. "க்யா சார், அவரு கையில இருந்தா மாதிரிதானே?" என்றார். "கீழ வச்சாரா இல்லையா?" என்று நான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தத் தொப்பியை அலசினேன். கம்பளிக்கு அதுதான் நல்லது. உள் பட்டையில் கருப்பாகப் படிந்திருந்த பிசுக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணீர் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது. அழுக்கு போகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். காப்பியிங் பென்சிலில் எழுதிய எழுத்து நனைந்தால் அந்த நிறத்தில்தான் கரையும் என்பது, டூல் ரூமில் அதே பென்சிலால் முப்பது வருஷம் எழுதிய எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் தோன்றவில்லை. தொப்பி புதிதுபோல் காய்ந்து வந்த பிறகுதான் பட்டையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஏரிக்குப் பக்கத்து ஹாலில் நாம் கண்காட்சி வைத்தோம். அந்தத் தொப்பியை என் மேஜையின் நடுவில் வைத்திருந்தேன். மத்தியானம் ஒரு பெண் வந்தார். சரோஜா என்று பெயர், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சேலையோடு அப்படியே வந்திருந்தார். ஒவ்வொரு மேஜையிலும், "பெருமாள்னு பேரு போட்ட தொப்பி இருக்காண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவருடைய அப்பா பட்டாளத்தில் இருந்தவர். லீவு முடிந்து போகும்போது இந்தத் தொப்பியை ஆணியில் மறந்து விட்டுப் போனார். பனி மலையில் வேலை. திரும்பி வரவில்லை. சரோஜாவுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. வீடு மாறும்போது சொந்தக்காரர் ஒருவர் பழைய பெட்டியை அப்படியே குஜரிக்குப் போட்டுவிட்டார். "அம்மாக்கு உடம்பு முடியல. கண்ணும் தெரியல. தினமும் அந்தத் தொப்பியத்தான் கேட்டுக்கினு இருக்காங்க. எங்க போய்த் தேடறது?" என்றார்.

என் மேஜைக்கு வந்து கேட்டபோது, "என்கிட்ட பேரு போட்டது எதுவும் இல்லம்மா" என்றேன். பொய் இல்லை. பொய்யைவிடக் கேவலமான ஒன்று. அவர் நகர்ந்து போனார். எழுந்து கூப்பிடலாம் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

லூயிஸின் மேஜையில் அதே கேள்வியைக் கேட்டார். லூயிஸ் காலடியில் இருந்த பையை எடுத்தார். பழைய நோட்டுகள். நாலாவது நோட்டில் விரலை ஓட்டி நிறுத்தினார். பிறகு நோட்டோடு நேராக என் மேஜைக்கு வந்தார். என்னைப் பார்த்தார். மேஜை நடுவில் இருந்த தொப்பியைப் பார்த்தார். எடுத்துக் கவிழ்த்துப் பட்டையைப் பார்த்தார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஜெயபால், மேஜையைப் பாத்துக்கச் சொல்லிட்டு வா. அந்தம்மா வீடு பக்கத்துலதானாம்" என்றார். அவ்வளவுதான்.

மூவருமாக நடந்தே போனோம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. சரோஜாவின் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கையில் கொடுத்ததும் முதலில் முகத்தோடு வைத்து மோந்து பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். பிறகு திருப்பி நீட்டினார். "இது அவருது இல்ல சாமி. இதுல பூந்திக்கொட்ட வாசம் வருது" என்றார்.

லூயிஸ் வாங்கிக்கொள்ளவில்லை. நோட்டைப் பிரித்துப் படித்தார். "பெருமாள். அதுக்குக் கீழ நம்பர். தமிழ்லயும் ஒருக்கா பேரு. உள்பக்கம், இடது காது பக்கமா, கிழிசல். வெள்ள நூல்ல பதினோரு தையல். ஏழாவது மட்டும் கோணல்."

அந்தக் கடைசி வரியைத்தான் அவர் சந்தையில் என்னிடம் அனுமதி கேட்டு எழுதினார். நான் தொப்பியைப் பத்திரமாகத் துவைத்தேன், தேய்த்தேன், ஆனால் அதில் தையல் இருந்ததையே கவனிக்கவில்லை. அந்த அம்மா விரலை உள்ளே விட்டுத் தடவினார். உதடு அசைந்தது, எண்ணினார். ஏழாவதில் நிறுத்தினார். "அப்பதான் இவ அழுதா. அப்படியே வச்சிட்டு எழுந்து போனேன். அவரு, பரவால்ல விடுன்னாரு" என்றார்.

"பேரு எழுதியிருக்குமேடி, பாரு" என்றார் அம்மா. சரோஜா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து ஒண்ணும் தெரியலம்மா" என்றார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் லூயிஸ் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நாங்க அலசிட்டோம்மா. தப்பு எங்களுது" என்றார்.

அந்த அம்மா எங்களை மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "வாசம் போச்சே சாமி" என்றார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தையலிலேயே விரலை வைத்திருந்தார். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தபோது தொப்பியையும் உடன் வைத்ததாக சரோஜா சொன்னார். நல்ல வேளையாக அதையாவது கொண்டுபோனார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வாசத்தைக் கொண்டுபோகவில்லை. அதற்குக் காரணம் நான்.

அன்று திரும்பி வரும்போது ஏரிக்கரையில் நிறுத்தி அவரைக் கேட்டேன். வாழ்நாளில் ஒரு தொப்பிக்கும் தண்ணீர் காட்டாத மனுஷன், "நாங்க" என்று ஏன் சொன்னார்? என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே. நான் குரலை உயர்த்தித்தான் கேட்டேன். குற்றம் செய்தவனுக்குத்தான் குரல் அதிகம் வரும். லூயிஸ் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"நான் கீழ வச்சதாலதானய்யா நீ எடுத்த. கையில வச்சிருந்தா உன் கைக்கு வந்திருக்குமா? சும்னே பேசாத, டீ வாங்கிக் குடு" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் அதை நிஜமாகவே நம்பினார். அதற்குப் பிறகும் அவர் தொப்பியைக் கீழே வைத்துத்தான் எழுதினார். நான்தான் எடுப்பதை விட்டேன். பதினைந்து வருஷமாக அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, வேறு எவனும் இறங்காமல் காவல் காத்தேன். அதற்கு அவர் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. நிழல் விழுகிறது, தள்ளி நில் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வந்ததும் வீட்டில் ஒரே கூட்டம். அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டை, போர்வை, தலையணை உறை எல்லாம் நாற்காலியில் குவிந்து கிடந்தன. சும்மா நிற்க எனக்கு எப்போதும் முடியாது. மொத்தமாக அள்ளிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் சோப்புத் தண்ணீர் இருந்த பக்கெட்டில் அமுக்கிவிட்டு வந்தேன். ஒரு வேலை செய்தோம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்து போனேன். தொப்பிகளை என்ன செய்வது என்று பேசத்தான் போனேன். ஸ்டெல்லா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பழுப்புக் குல்லா. துவைத்துக் காய்ந்து கொஞ்சம் சுருங்கியிருந்தது. இரவிலும் போட்டுக்கொண்டு தூங்குவாராம், பெங்களூர் குளிர் மண்டைக்குள் போகிறது என்று.

"அண்ணா, இத மோந்து பாருங்க. வெறும் சோப்பு வாசம். தேங்கெண்ணெயும் அவரு தலை வாசமும் இருக்கும். நான்தான் கசக்கிட்டேன். பக்கெட்ல என்ன இருக்குன்னுகூடப் பாக்கல. இப்ப அவரு வாசம் வீட்டுலயே எங்கயும் இல்ல" என்றார். ஏழு நாளாக அழாதவர் அப்போதுதான் அழுதார்.

எனக்கு அந்த ஒற்றை அறை வீடு ஞாபகம் வந்தது. இந்த முறை தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாம அலசிட்டோம்மா. நாற்காலியிலேர்ந்து அள்ளி பக்கெட்ல போட்டது நான்தான். நான் போட்டதாலதான நீ கசக்கின."

ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணா சேந்து கெடுத்துட்டோமா?" என்றார். ஆமாம் என்றேன். லூயிஸ் இருந்திருந்தால் இந்நேரம் டீ கேட்டிருப்பார் என்றேன். ஸ்டெல்லா எழுந்து போய் டீ போட்டார்.

டீ ஆறுவதற்குள் அவருடைய கடைசி நோட்டை எடுத்தேன். பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள். கடைசியாக எழுதியிருந்தது நாங்கள் சண்டை போட்ட அந்தத் தொப்பியைப் பற்றி. முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள் பட்டையில் இருந்த பெயரை எழுதி, பக்கத்தில், "ஜெயபால் கழுவவில்லை" என்று குறித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடிந்தது.

"சொல்லும்மா, குல்லா என்ன நிறம்?" என்று பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"பாத்துக்கினுதான இருக்கீங்க" என்றார் ஸ்டெல்லா. பிறகு புரிந்துகொண்டு குல்லாவைக் கவிழ்த்து உள்பக்கத்தைப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் வாசம் என்று முதலில் சொன்னார், எழுதினேன். கொஞ்சம் மூக்குப்பொடி வாசமும் என்றார், அதையும் எழுதினேன். வலது காது பக்கம் தான் தைத்த தையல் எட்டு என்றார். நான் ஒன்பது என்றேன். இருவரும் இரண்டு முறை எண்ணினோம். எட்டுதான்.

தொப்பிகளை எல்லாம் என்ன செய்வது என்று நாம் அடுத்த ஞாயிறு கூடிப் பேசுவோம். உள்ளே பெயர் இருக்கிறவற்றை முதலில் எடுத்து வையுங்கள், யாராவது தேடி வரலாம். எனக்கு அவற்றில் எதுவும் வேண்டாம். குல்லா ஸ்டெல்லாவிடம் இருக்கிறது. நோட்டையும் கட்டைப் பென்சிலையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன ஞாயிறு சந்தைக்குப் போனேன். காதர் பாயின் தார்ப்பாயில் ஒரு வெயில் தொப்பி கிடந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே பெயர் இருந்தது. எழுத இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கீழே வைத்தேன். காதர் பாய் என் பக்கத்தில் வந்து நின்று, அடுத்து வந்தவரிடம், "தோடா ருக்கோ சார், கொஞ்சம் நில்லுங்க, அவரு எழுதிக்கினு இருக்காரு" என்றார்.